பின்கட்டின் மேல் சாய்ந்த வாகை

நீடாமங்கலத்துக்குக் கிழக்கே, ரயில் பாதைக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் கிடக்கிறது பள்ளிவாசல் தெரு. அங்கே போய் ஜன்னத் பீவி வீடு எது என்று விசாரித்தால், "அந்தப் பிடிவாதக்காரி வீடா?" என்று கேட்டுவிட்டுத்தான் வழி காட்டுவார்கள். அவள் பிறவியிலேயே அப்படி என்று நினைத்துவிட வேண்டாம். நாற்பத்திரண்டு வயது வரை அவளைப் போலச் சொன்ன பேச்சைக் கேட்கும் பெண்பிள்ளை அந்தத் தெருவில் கிடையாது. பிடிவாதம் அவளுக்கு வந்து சேர்ந்தது ஒரு பட்டமரத்தால்.

அவள் கணவர் சேக் தாவூது அரபு நாட்டில், தம்மாமில் லாரி ஓட்டினார். கல்யாணமான மறுவருஷம் விமானம் ஏறியவர், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வந்து போவார். வந்த ஒரு லீவில்தான் ஓட்டு வீட்டுக்குப் பின்னால் தளம் போட்டு ஓர் அறை எழுப்பினார். அந்தத் தெருவில் பாதி வீடுகள் அப்படி வளர்ந்தவைதான். அரபு நாட்டுச் சம்பளத்தோடு ஒரு வியாதியும் அங்கே வந்து இறங்கியிருந்தது. குழாய் ஒழுகினாலும், சுவர் விரிசல் கண்டாலும், பெண்ணுக்கு மாப்பிள்ளை கேட்டு வந்தாலும், "அவங்க லீவுல வரட்டும்" என்பார்கள். வீட்டோடு இருக்கும் பெண்களுக்குக் கையும் காலும் இல்லாதது போல.

பின்கட்டை ஒட்டி, வாய்க்கால் கரையில் ஒரு வாகை மரம் நின்றது. தெருவுக்கே நிழல் கொடுத்த மரம். வாய்க்காலைத் தூர் வாரியவர்கள் கரையை அகலப்படுத்துகிறோம் என்று அந்தப் பக்கத்து வேர்களையெல்லாம் வெட்டித் தள்ளிவிட்டுப் போனார்கள். அடுத்த கோடையில் இலை உதிர்ந்தது, பிறகு துளிர்க்கவே இல்லை. பட்டை உரிந்து எலும்பு நிறமானது. பிடித்து இழுக்க வாய்க்கால் பக்கம் வேர் இல்லாததால், மரம் மெல்ல மெல்ல வீட்டுப் பக்கம் சாயத் தொடங்கியது.

ஜன்னத் போனில் சொன்னாள். "மரம் சாயுதுங்க. ஆளை விட்டு வெட்டிடவா?"

"நீ யாரையும் கூப்பிடாதே. கண்டவன் கைய வச்சான்னா வீட்டு மேல போட்டுடுவான். நான் வந்து நின்னு பாத்துக்கிறேன்" என்றார் அவர்.

சித்திரையில் வருவதாக இருந்த லீவு ஆடிக்குத் தள்ளிப் போனது. ஆடியும் போனது. புரட்டாசியில் லாரிக்குப் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். செய்தி மட்டும்தான் ஊருக்கு வந்தது.

ஜன்னத் இத்தா இருக்க வேண்டியதாயிற்று. கணவனை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் அவன் வீட்டிலேயே தங்கியிருக்க வேண்டும், அந்நிய ஆண்கள் முன்னால் வரக்கூடாது. உறவுக்காரர்கள் எல்லாரும் கூடி, தெருப் பார்வை படாத இடம் என்று பின்கட்டு அறையை அவளுக்கு ஒதுக்கினார்கள். இருந்த மூன்று அறைகளில், வாகை நேராகக் குறி வைத்திருந்த அறை அதுதான். ஒருவராவது அண்ணாந்து பார்த்திருக்கலாம். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகள் சுமையாவும், அம்மாவைத் தனியாக விடக்கூடாது என்று நிறைமாத வயிற்றோடு அதே அறையில் படுத்துக்கொண்டாள்.

ஐப்பசி பிறந்து முதல் மழை பெய்தபோது மரம் முனகியது. காலையில் ஜன்னத் எழுந்து ஜன்னல் வழியே பார்த்தாள். வாய்க்கால் பக்கம், மரத்தடியில், மண் ஒரு விரல் அகலத்துக்கு வெடித்திருந்தது. அடுத்த மழைக்கு அதில் கை போகும்போல இருந்தது. பெரிய மழை இனிமேல்தான் வரவேண்டும்.

கணவரின் தம்பி மீரா உசேனுக்குச் சொல்லி அனுப்பினாள். கீழ்வேளூரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அவர் நல்ல மனிதர், அவசரக்காரர். மறுநாளே நாலு ஆட்களையும் ஒரு வடத்தையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஒருவன் கல்லைக் கட்டி வீசி வடத்தை, கூரைக்கு மேல் நீண்டிருந்த ஒரு கிளையில் மாட்டினான். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நின்று எல்லோருமாக "ஏலேலோ" போட்டு இழுத்தார்கள். மரம் அசையவில்லை. பட்ட கிளை என்ன பாரம் தாங்கும்? படீரென்று முறிந்து, பின்கட்டைத் தாண்டி அடுப்படி ஓட்டின் மேல் விழுந்தது. அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த உலை கவிழ்ந்தது. அரிசி களைந்து போட்டுவிட்டு, தண்ணீர் குடிக்க அப்போதுதான் அடுப்படியை விட்டு எழுந்து வந்திருந்தாள் சுமையா.

மீரா உசேனுக்கு முகம் வெளுத்துவிட்டது. கதவுக்கு வெளியே நின்று அண்ணன் மனைவியிடம், "அல்லா காப்பாத்துனான் மச்சி. இனிமே அதத் தொட வேணாம். உங்க இத்தா முடியட்டும், பெறகு நல்ல ஆளாப் பாப்போம்" என்றார்.

கதவுக்கு உள்ளே நின்றபடி, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஜன்னத் சொன்னாள். "ஒரு தடவ அவன் காப்பாத்திட்டான் தம்பி. திரும்பத் திரும்ப அவனையே வேலை வாங்கக் கூடாது. மரத்த இந்த வாரமே எறக்கணும்."

அண்ணன் மனைவி தன்னை மறுத்துப் பேசியது அதுவே முதல் தடவை என்பதால், மீரா உசேன் தப்பாகக் கேட்டுவிட்டோம் என்றே நினைத்தார்.

அன்று சாயங்காலமே அவள் பக்கத்து வீட்டுக் கமருன்னிஸாவை ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் அனுப்பி வீரையனை வரவழைத்தாள். பண்ணை வேலையில் இருந்து, அதை விட்டு, மரம் வெட்டும் ஆட்களும் சங்கிலிக் கப்பியும் சொந்தமாக வைத்துத் தொழில் செய்கிறவர். கோடாலியின் பின்பக்கத்தால் அடிமரத்தைச் சுற்றிச் சுற்றித் தட்டிப் பார்த்தார். பிறகு ஜன்னலுக்குப் பக்கவாட்டில், உள்ளே பார்க்காமல் நின்று பேசினார்.

"பாயம்மா, இதுல ஏறவும் கூடாது, இதுல கயிறு கட்டி ஆளத் தொங்கவிடவும் கூடாது. கொத்தனாருங்க கட்டுற மாதிரி சவுக்குல சாரம் கட்டிக்கிறேன், மரத்தத் தொடாம. சாரத்துல நின்னு மேலேருந்து துண்டு துண்டா அறுத்து எறக்குவோம். கூரை மேல நிக்கிற கெளைங்கதான் மொதல்ல. அடிமரத்த மட்டும் அக்கரைப் பூவரசுல சங்கிலி போட்டு வாய்க்கால் பக்கமா சாச்சுக்கலாம். ஆனா ஒண்ணு. அறுக்க வாள் வைக்கும்போது வீட்டுக்குள்ள ஒரு குஞ்சு இருக்கக் கூடாது."

"நான் இத்தாவுல இருக்கேனே அண்ணே."

"தெரியும்மா. தெரிஞ்சுதான் சொல்றேன். நீங்க உள்ள இருந்தா நான் வாளத் தொட மாட்டேன்."

அவர் அப்படி ஒற்றைக்காலில் நின்றது அவளுக்குப் பிடித்திருந்தது. பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கமருன்னிஸா போய்க் கேட்டு வந்தாள். தேவைக்குப் பகலில் வெளியே போகலாம், இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும், இரவு தங்குவது கணவன் வீட்டில்தான் என்று சொல்லியிருந்தார். மீரா உசேனுக்கு அது நிம்மதியாக இருந்தது. "ஒரே பகல்ல முடிச்சிடலாம்" என்றார், தானே வெட்டப் போவதைப் போல.

சாரம் கட்டவே இரண்டு நாள் பிடித்தது. மூன்றாம் நாள் விடிந்ததும் ஜன்னத் வெள்ளைத் துப்பட்டியை இழுத்து மூடிக்கொண்டு வாசல்படியைத் தாண்டினாள். செய்தி வந்த நாளுக்குப் பிறகு அவள் வெயிலைப் பார்ப்பது அப்போதுதான். அந்தப் படியில் நின்று அவளுக்குக் கோபம் வந்தது. இறந்துபோன மனிதர் மீது கோபப்படக் கூடாது என்று அவளுக்கும் தெரியும். எதற்கெடுத்தாலும் வந்து நின்று பார்த்துக்கொள்கிறேன் என்று எத்தனை வருஷம் அந்த மனிதர் சொன்னார், தானும் அதைக் கேட்டுக்கொண்டு எத்தனை வருஷம் சும்மா இருந்தோம் என்று நினைக்க நினைக்க, கண்ணில் தண்ணீர் வந்தது. கோபமா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. சுமையாவின் தோளைப் பிடித்துக்கொண்டு கமருன்னிஸா வீட்டுக் கொல்லைக்குப் போனாள். அங்கிருந்து பார்த்தால் மரம் முழுசாகத் தெரியும்.

வேலை நிதானமாக நடந்தது. கிளையை அறுப்பதற்கு முன்னால் அதைக் கயிற்றில் பிடித்துக்கொள்வார்கள், கயிறு சாரத்தின் குறுக்குக் கம்பு வழியே போய்க் கீழே இரண்டு பேர் கையில் இருக்கும். வாள் அறுத்து முடிந்ததும் கிளை ஒரு முழம் தாழ்ந்து நிற்கும். பிறகு மெள்ளக் கீழே வரும். ஓட்டில் ஒரு சில்லு கூட உடையவில்லை. தெருப் பையன்கள் வேடிக்கை பார்த்துச் சலித்துப் போய்விட்டார்கள். பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது மேலே ஒன்றும் மிச்சமில்லை. இரண்டாள் உயர அடிமரம் மட்டும், வீட்டைப் பார்த்துக் குனிந்தபடி நின்றது.

மரம் அந்தப் பக்கமே சாய, வாய்க்கால் பக்கம் கோடாலியால் வாய் வெட்டத் தொடங்கினார் வீரையன். நாலாவது போட்டிலேயே சிராய்க்குப் பதிலாக மாவு கொட்டியது. கையை விட்டுப் பார்த்தார். முழங்கை வரை போனது. உடனே ஆட்களை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கொல்லை வேலியருகே வந்தார்.

"உள்ள ஒண்ணுமே இல்ல பாயம்மா, கூடு. நான் நெனச்ச மாதிரி இழுத்தா, இழுக்குற பக்கம் வராது. நடுவுல நொறுங்கி, திரும்பி வீட்டு மேலயே உக்காந்துடும். ரெண்டு பக்கமும் கயிறு கட்டி நிறுத்தி, இன்னும் ரெண்டு துண்டா மேலேருந்து எறக்கணும். அதுக்கு இன்னிக்கு வெளிச்சம் பத்தாது. இப்ப சங்கிலி போட்டுப் பிடிச்சு நிறுத்திடுறேன். காலைல அறுக்குறேன். ராத்திரி உள்ள யாரும் படுக்கக் கூடாது."

மீரா உசேன் குறுக்கே வந்தார். "அதெப்படி? இருட்டுறதுக்குள்ள, மக்ரிபுக்கு முன்னால மச்சி உள்ள போயாகணும். வெளிய டிராக்டர் நிக்குது. சங்கிலிய அதுல மாட்டி ஒரே இழுப்பு. அஞ்சு நிமிஷம்."

"இழுக்கலாம் பாய். எங்க விழும்னு எனக்குத் தெரியாது" என்றார் வீரையன்.

"நீ இவ்வளவு நேரம் தெரிஞ்சுதான வெட்டுன?"

வீரையன் கையில் ஒட்டியிருந்த மர மாவைக் காட்டினார். இருவரும் வேலியைப் பார்த்தார்கள். மேற்கே மேகம் கறுத்து வந்தது. வேலிக்கு உள்ளே நின்ற ஜன்னத், மரத்தைப் பார்த்தாள், பின்கட்டைப் பார்த்தாள், கயிற்றுக் கட்டிலில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தாள். வீட்டுக்குள் போய்ப் படுத்தால் ஊர் வாய் மூடும், மரம் மூடாது. டிராக்டரை விட்டு இழுத்தாலும் அதே கதைதான். வெளியே தங்கினால் நாளைக்குத் தெரு முழுக்க அவள் பேச்சாகத்தான் இருக்கும். இத்தாவை முறித்தவள் என்பார்கள். அவள் அந்த மனிதருக்காகக் கடைசியாகச் செய்யக்கூடியது அது ஒன்றுதான், அதையும் ஒழுங்காகச் செய்யவில்லை என்பார்கள். அது அவளுக்கு வலித்தது. ரொம்பவே வலித்தது.

"வீரையண்ணே, காலைலயே அறுங்க. ஆற அமர அறுங்க" என்றாள். "இன்னிக்கு ராத்திரி நானும் எம் மகளும் கமரு வீட்ல தங்கிக்கிறோம்."

"மச்சி, ஹஜ்ரத் சொன்னத மறந்துட்டீங்களா?"

"மறக்கல தம்பி."

"ஜமாத்துல கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

"உங்கள எதுக்குக் கேப்பாங்க? வெளிய நிக்கிறது நான்ல. டிராக்டர அனுப்பிடுங்க."

மீரா உசேன் தானே போய் டிராக்டர்காரனை அனுப்பிவிட்டு, சங்கிலியை இறுக்க ஒரு கை கொடுத்தார். அதையும் சொல்லிவிட வேண்டும், அவர் கெட்டவர் இல்லை.

இரவெல்லாம் மழை ஊற்றியது. கமருன்னிஸா வீட்டு முன்னறையில் மகளுக்குப் பாயை விரித்துக் கொடுத்துவிட்டு, ஜன்னத் சுவரில் சாய்ந்து தஸ்பீஹ் மணிகளை உருட்டிக்கொண்டே இருந்தாள். காற்று வீசும்போதெல்லாம் விரல் நின்றது. காலையில் எல்லோருக்கும் முன்னால் கொல்லைக்கு ஓடிப் பார்த்தாள். அடிமரம் வீட்டுப் பக்கம் இன்னும் ஒரு முழம் சாய்ந்திருந்தது, சங்கிலி விறைத்து நின்றது. வீடு வீடாகவே இருந்தது.

மழை விட்டதும் வீரையன் வந்தார். சொன்னபடியே இரண்டு பக்கமும் கயிறு கட்டினார், மேல் துண்டு இறங்கியது, அடுத்த துண்டு இறங்கியது. கடைசியில் இடுப்பளவு நின்ற கட்டையை ஆப்பு வைத்து வாய்க்கால் பக்கம் தள்ளினார்கள். தண்ணீர் தெறித்துச் சாரத்தில் நின்றவனின் வேட்டி நனைந்தது. அறுத்த துண்டுகளை அடுக்கும்போது மீரா உசேன் குனிந்து பார்த்தார். சுற்றிலும் நாலு விரல் கனத்துக்கு மரம், நடுவில் ஒரு ஆள் கையை நீட்டும் அளவுக்கு வெறும் பொந்து. அவர் உடைந்த அடுப்படி ஓட்டை மாற்ற ஆள் பார்க்கக் கிளம்பிப் போனார்.

ஜன்னத் பீவி துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு, பட்டப்பகலில், தெரு முழுக்கப் பார்க்க, தன் வீட்டு வாசல்படியில் ஏறினாள். மிச்சமிருந்த இத்தா நாட்களை இருக்க அதே பின்கட்டு அறைக்குள் போய் உட்கார்ந்தாள். சுமையா ஒருக்களித்துப் படுத்தாள், படுத்த உடனேயே தூங்கிவிட்டாள்.

சற்று நேரத்தில் கமருன்னிஸா மூச்சிரைக்க வந்தாள்.

"ஹஜ்ரத் சொல்லி அனுப்பியிருக்காங்க ஜன்னத்து. உசுருக்குப் பயந்து தங்கினது தப்பு இல்லையாம். இத்தா முறியலையாம். ஆனா ராத்திரி தங்குறதுக்கு முன்னால ஒரு வார்த்த அவங்களக் கேட்டிருக்கலாம்னு வருத்தப்படுறாங்க. ஆளு அனுப்பியிருந்தா அப்பவே ஆமான்னு சொல்லியிருப்பாங்களாமே. ஏன் கேக்கல?"

ஜன்னத் தூங்கும் மகளின் வயிற்றின் மேல் போர்வையை இழுத்துவிட்டாள்.

"வேணாம்னு சொல்லியிருந்தாலும் தங்கியிருப்பேன், கமரு. அதனாலதான் கேக்கல."