ஆளே வரவேண்டிய கூட்டம்

அந்த மண்டபத்தில் உட்கார இடமில்லாமல் ஆட்கள் சுவரோரம் நின்றதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. கீழவைப்பாரில் மாதா கோயிலை ஒட்டிய சின்ன மண்டபம். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்த கையோடு வந்திருந்தார்கள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டைகள், பவுடர் வாசம், வாசலில் செருப்புக் குவியல். தூத்துக்குடியில் ஒரு கம்பெனிச் செயலரின் அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் அறிந்த ஆண்டுப் பொதுக்கூட்டங்கள் பெரும்பாலும் காகிதத்தில் நடந்தவை. அப்பாவும் மகனும் இட்லி சாப்பிட்டுக்கொண்டே நடத்தி முடித்துவிடுவார்கள். நாங்கள் அதை அழகாக டைப் அடித்து அரசாங்கத்துக்கு அனுப்பிவைப்போம். நிஜமாகவே ஆட்கள் வந்து நிரம்பிய ஒரு கூட்டத்தைப் பார்த்ததும் எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் கேட்கத் தொடங்கிய பிறகுதான் தலையில் கை வைத்தேன். வந்திருந்த அத்தனை பேரும் ஆண்கள். அவர்களில் ஒருவர்கூட அந்தக் கம்பெனியின் உறுப்பினர் இல்லை.

அது பெண்களின் கம்பெனி. கருவாடு போடுகிற பெண்கள் சேர்ந்து பதிவு செய்தது. அதன் பெயரில்தான் கீழவைப்பாரில் ஓர் உலர்கூடம் இருந்தது. அதற்கு முன் அவர்கள் மணலில் மீனைக் காயப்போட்டு, காக்கையையும் நாயையும் விரட்டிக்கொண்டே பொழுதைக் கழித்தவர்கள். உலர்கூடம் வந்தபின் கருவாட்டில் மணல் இல்லை, மழைக்குப் பயமில்லை. உறுப்பினர்களில் பெரும்பாலோர் ஆற்றுக்கு வடக்கே உள்ள ஊர்களில் இருந்தார்கள். தினமும் மினிபஸ்ஸில் பாலம் தாண்டி வந்து போவார்கள். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஒன்றைத் தவிர. கம்பெனி என்றால் வருடம் தவறாமல் பொதுக்கூட்டம் கூட்டவேண்டும், ஆண்டறிக்கையைப் பதிவாளருக்கு அனுப்பவேண்டும் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. இரண்டு வருடம் அனுப்பாமலே விட்டிருந்தார்கள். மூன்றாவது வருடமும் போகாவிட்டால் இயக்குநர்கள் தகுதி இழப்பார்கள், கம்பெனியின் பெயரையே பதிவேட்டிலிருந்து அடித்துவிடலாம். கம்பெனி இல்லையென்றால் உலர்கூடமும் இல்லை. பழையபடி மணலும் காக்கையும்தான்.

அந்தக் கம்பெனியின் தலைவியை எங்கள் அலுவலகத்தில் நான் முதன்முதலில் பார்த்தது இந்த எச்சரிக்கைக் கடிதத்தோடுதான். ஐம்பதைத் தாண்டிய, நெடுநெடுவென்று உயர்ந்த பெண். பஸ்ஸில் கருவாட்டுக் கூடையை ஏற்றவிடாத கண்டக்டர்களிடம் பேசிப் பேசியே உரத்துப்போன குரல். செயலர் சார் பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினார். கேட்டுவிட்டுத் தலைவி சொன்னார்: "பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஒரு தடவதான் குடுக்கோம். கம்பெனிக்கு மட்டும் வருசா வருசமா சார்?" சார் சிரித்துவிட்டார். நானும்தான். ஆனால் அந்த அம்மாள் சிரிக்கவில்லை. கேட்கவேண்டியதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, "சரி, அப்ப வருசா வருசம் குடுப்போம்" என்று எழுந்து போனார். கூட்டம் நடத்த டிசம்பர் முடிய அவகாசம் வாங்கினோம். உறுப்பினர் ஒவ்வொருவர் வீட்டுக்கும் அறிவிப்பு போனது.

தப்பு அங்கேதான் நடந்தது. அந்தக் கடற்கரை ஊர்களில் கூட்டம் என்றால் வீட்டுக்கு ஒரு ஆள். அந்த ஆள் ஆண்தான். கோயில் வரி, திருநாள், தொழில் தகராறு எதுவானாலும் அப்படித்தான். அறிவிப்பு மனைவியின் பெயருக்கு வந்திருக்கிறது. கணவர் சட்டைக்கு இஸ்திரி போட்டிருக்கிறார். மனைவி மீன் குழம்பு வைக்க உட்கார்ந்துவிட்டார். இதில் யாருக்கும் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. நான் உடன்குடிப் பக்கத்து மளிகைக்கடை வீட்டில் பிறந்தவள்; எங்கள் பக்கத்தில் மட்டும் என்ன வாழ்கிறதாம். சார் எழுந்து, உறுப்பினர்களில் கால்வாசிப் பேராவது நேரில் இருக்கவேண்டும், ஆளே வரவேண்டும், பதிலுக்கு ஆள் வந்தால் செல்லாது என்றார். முன்வரிசையில் இருந்தவர் தலைவியின் கணவர். சொந்த வள்ளம் வைத்திருந்த சம்மாட்டி. அவர் மெதுவாகக் கேட்டார்: "வீட்டுக்கு ஒரு ஆளு வந்துருக்கோம்லா? பொறவு என்ன?"

உள்ளூர்ப் பெண்களை ஓடிப்போய்க் கூட்டிவந்தார்கள். மசாலாக் கையோடு வந்து நின்றார்கள். எப்படி எண்ணிப் பார்த்தாலும் கால்வாசி தேரவில்லை. பின்னாலிருந்து ஒருவர், பதிவேட்டைக் கொடுத்தால் வடக்கே கொண்டுபோய் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கி வந்துவிடுகிறோம் என்றார். மண்டபம் முழுக்க அதற்குத் தலையாட்டியது. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அவர் ஆமாம் என்றும் சொல்லமாட்டார், இல்லை என்றும் சொல்லமாட்டார் என்பது அதற்கு அர்த்தம். தலைவி பதிவேட்டை என் கையிலிருந்து வாங்கி மூடினார்.

"வராதவளுவள வந்தாளுவன்னு எழுதச் சொல்லுதியளோ? இன்னைக்கு எழுதிட்டா அடுத்த வருசம் ஒருத்தியும் வரமாட்டா. பொறவு இது உங்க கம்பெனி."

பதினான்கு நாள் அறிவிப்பு கொடுத்து மறுபடி கூட்டவேண்டும். அப்படிப் பார்த்தால் மிஞ்சியது கிறிஸ்துமஸ் கழிந்து வரும் ஞாயிறு ஒன்றுதான். அதையும் விட்டால் வருடம் முடிந்துவிடும். ஆனால் அந்த அம்மாள் அசைந்து கொடுக்கவில்லை. பேருக்கு நடத்திய கூட்டங்களை டைப் அடித்தே பழகிய எனக்கு, தன் உலர்கூடத்தையே பணயம் வைத்து ஒரு கூட்டத்தை நிஜமாக நடத்த ஒருவர் நினைப்பது திகைப்பாக இருந்தது. பைத்தியமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முன் பிடித்த மழை நாள்கணக்கில் விடவேயில்லை. கூட்டத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை மதியம் நான் கீழவைப்பாருக்குப் போய்ச் சேர்ந்தபோது மழை ஓய்ந்திருந்தது. ஆனால் ஆறு கரை புரண்டு வடக்கே போகும் சாலையை மூழ்கடித்திருந்தது. மினிபஸ் இல்லை. தலைவி வீட்டு முற்றத்தில் நின்று ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டார். எல்லாரும் சொன்னது ஒரே பதில்: வர ஆசைதான், வழியில்லையே. கடைசிப் போனையும் வைத்துவிட்டு அவர் கணவரைப் பார்த்தார். கணவர் வலையைப் பார்த்தார். என்ன நடக்கிறது என்று எனக்கு உடனே பிடிபடவில்லை. அந்த ஊர்களில் தொழிலுக்குப் போகும் வள்ளத்தில் பெண்கள் ஏறுவதில்லை. மீன் இறக்குவார்கள், ஏலம் கேட்பார்கள், சுமப்பார்கள். வள்ளத்தின் விளிம்போடு சரி. யார் வைத்த சட்டம் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

"வள்ளத்த எடுங்க" என்றார் தலைவி.

"ஏளா, விளையாடுதியா?"

"திருநாளுக்கு மாதாவ வள்ளத்துல ஏத்தித்தான கொண்டாருதிய. அவ பொம்பள இல்லையா?"

கணவர் வலையை ஓரமாக ஒதுக்கி வைத்தார். அப்புறம் எழுந்துபோய் வடக்கே இருக்கும் தன் கூட்டாளிகளுக்குப் போன் போட்டார். என்ன பேசினார் என்று எனக்குக் கேட்கவில்லை.

மறுநாள் காலை பூசை முடிந்ததும் கடற்கரைக்குப் போனோம். ஞாயிறு என்பதால் எந்த வள்ளமும் தொழிலுக்குப் போகவில்லை. ஆற்றுத் தண்ணீர் கலந்து கடல் கரையோரம் செம்மண் நிறத்தில் கிடந்தது. காற்று அடங்கியிருந்தது. விடிந்ததுமே வடக்கே போயிருந்த கணவரை இன்னும் காணவில்லை. தலைவி ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார். முதலில் எஞ்சின் சத்தம்தான் கேட்டது. பிறகு கழிமுகத்தைச் சுற்றிக்கொண்டு ஒரு வள்ளம், அதன் பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் எண்ணமுடியாதபடி வரிசையாக. ஒவ்வொன்றிலும் சேலைகள். கிறிஸ்துமஸுக்கு எடுத்த புதுச் சேலைகள், சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக. பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். சிலர் கண்ணை மூடியிருந்தார்கள். சிலர் கடலில் பிறந்தவர்கள் மாதிரி நிமிர்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் அன்றுவரை அப்படி ஒரு காட்சியைப் பார்த்ததில்லை. அதற்குப் பிறகும் எதைப் பார்த்தும் அந்த அளவுக்குப் பிரமித்ததில்லை. ஒரு சட்டப் பிரிவுக்காக, கால்வாசிப் பேர் நேரில் இருக்கவேண்டும் என்ற ஒரு வரிக்காக, ஒரு கரையே கிளம்பி வந்திருந்தது. என் கண் நிறைந்துவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை.

கரையில் கணவன்மார் கை கொடுத்து இறக்கிவிட்டார்கள். அவர்கள் மண்டபத்துக்குள் வரவில்லை. வேப்பமரத்தடியில் பீடி பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். உள்ளே, வரிசையாக வந்து அவரவர் பெயரை அவரவரே சொல்லிக் கையெழுத்துப் போடவேண்டும் என்றார் தலைவி. ஊரில் அவர்கள் எல்லாம் இன்னார் சம்சாரம், இன்னார் அம்மா. ஞானஸ்நானத்தில் வைத்த முழுப்பெயரைச் சத்தமாகச் சொல்ல வெட்கப்பட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டவர்கள் உண்டு. "ஒனக்கு இம்புட்டு அழகான பேரா?" என்று பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்து ஒருத்தி வியந்தாள். கால்வாசி எப்போதோ தாண்டிவிட்டது. நான் எண்ணுவதை நிறுத்தியிருந்தேன். கணக்கைப் படித்தோம். சந்தேகம் கேட்டார்கள். பனிக்கட்டி வாங்கியதில் இவ்வளவு ஏன் என்று தலைவியையே மடக்கினார்கள். அவர் ஒவ்வொன்றுக்கும் எழுந்து நின்று பதில் சொன்னார்.

பாக்கியிருந்த படிவங்களோடு அந்த வருடத்து ஆண்டறிக்கையும் உரிய காலத்தில் போய்ச் சேர்ந்தது. கம்பெனி பிழைத்தது. கூட்டத்துக்கு வந்தவர்கள் எத்தனை பேர் என்று நிரப்ப அதில் ஒரு சின்னக் கட்டம் உண்டு. எண்ணை அடித்துவிட்டு நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதைப் படிக்கப்போகும் அதிகாரிக்கு அது வெறும் எண்தான்.

அடுத்த வருடம் வெள்ளம் இல்லை. சாலை காய்ந்து கிடந்தது, மினிபஸ் மண்டபத்து வாசலிலேயே நின்றது. ஆனாலும் வள்ளத்தில்தான் வந்தார்கள். அதற்கடுத்த வருடமும் அப்படித்தான். இப்போது அது வழக்கமாகிவிட்டது. பெண்கள் வள்ளம் ஏறினால் மீன் படாது என்று பேசியவர்களின் பேத்திகள் லைஃப் ஜாக்கெட் போட்டு செல்ஃபி எடுத்துக்கொண்டு வருகிறார்கள். என் பங்குக்கு நானும் காலத்தோடு மாறியிருக்கிறேன். கையெழுத்தெல்லாம் டிஜிட்டல், படிவங்களெல்லாம் என் வீட்டு மேஜையிலிருந்தே போகின்றன. மற்ற கம்பெனிகள் சிலவற்றைப் போல வீடியோவில் கூடுவதைப் பற்றி விசாரிக்கட்டுமா என்று புதிய தலைவியிடம் கேட்டேன். "அது எதுக்குக்கா? அந்த ஒரு நாளைக்காகத்தான் வருசம் பூரா காத்துக் கெடக்கோம்" என்றாள்.

பழைய தலைவி பதவியை விட்டுப் பல வருடமாகிறது. கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது அவர் சாதாரண உறுப்பினர்தான். வீடு மண்டபத்துக்கு இரண்டு தெரு தள்ளி. இந்த வருடம் நான் போனபோது வீடு பூட்டியிருந்தது. உடம்புக்கு ஏதும் ஆகிவிட்டதோ என்று பதறிக் கடற்கரைக்கு ஓடினேன். வள்ளங்கள் கரை சேர்ந்துகொண்டிருந்தன. கடைசி வள்ளத்தின் நடுவில், சின்னப்பெண்கள் இரண்டு பேர் ஆளுக்கொரு கையைப் பிடித்திருக்க, அவர் உட்கார்ந்திருந்தார். காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்துப் பாலம் தாண்டி வடக்கே போயிருக்கிறார், தன் வீட்டுக்குப் பக்கத்தில் நடக்கிற கூட்டத்துக்குக் கடல் வழியாக வர. முழங்கால் தண்ணீரில் இறக்கிவிட்டார்கள். சேலை நனைந்திருந்தது. என்ன அம்மா இது, இந்த வயசில் என்று கேட்டேன். மூச்சு வாங்கியது அவருக்கு. என் தோளைப் பிடித்துக்கொண்டு கடலைத் திரும்பிப் பார்த்தார்.

"எல்லாரையும் ஏத்திவிட்டேன், ஏளா. நான் ஏறவே இல்லையே."