சுவருக்கும் மருந்து பூசியவள்

என் மருமகளின் பெருமையை நான் பேச ஆரம்பித்தாலே எதிர்வீட்டுக்காரி கதவைச் சாத்திக்கொள்கிறாள். சாத்தட்டும்! சன்னலோரம் நின்று கேட்பாள் என்று எனக்குத் தெரியாதா?

எங்கள் பசு கறுப்பிக்கு உடம்பெல்லாம் உண்ணி. காதுக்குள், வாலடியில், மடி இடுக்கில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சின. தீனி எடுக்காமல் எலும்பும் தோலுமாக நின்றது, பாலும் பாதியாகிவிட்டது. மருமகள் வேப்பங்கொட்டை, வசம்பு, பூண்டு, மஞ்சள் எல்லாவற்றையும் அரைத்துத் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, துணியால் தொட்டுத் துடைத்துவிடுவாள். உண்ணி உதிரும். கொஞ்ச நாளில் மறுபடியும் வந்துவிடும். என் மகனுக்குப் பொறுமை போய்விட்டது.

"உன் வைத்தியம் போதும். மாசக் கடைசியில மாட்டுத் தரகர் வர்றார், தள்ளிவிட்டுடலாம்."

கன்றிலிருந்து வளர்த்தவள் அவள். அன்று அவளும் சாப்பிடவில்லை, எனக்கும் சோறு இறங்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் அவள் மாட்டைப் பார்க்கவில்லை, புருஷனைப் பார்த்தாள். என் மகன்தான் பெரிய வீரனாயிற்றே! கொழுத்த உண்ணியாகப் பார்த்துப் பிடுங்கிச் சுவரோரம் வீசிக்கொண்டிருந்தான். அவள் ஒரு குச்சியை எடுத்து அந்தச் சுவர் விரிசலைக் கிளறினாள். உள்ளே கொத்துக் கொத்தாக முட்டை.

"மாட்டுலேர்ந்து எடுத்து சுவத்துல வளத்திருக்கீங்களே!"

நான் சிரித்த சிரிப்பில் கறுப்பியே திரும்பிப் பார்த்தது.

"நீ சும்மா இரும்மா" என்று மகன் என்னை முறைத்தான்.

அன்றிலிருந்து பிடுங்கிய உண்ணியெல்லாம் அடுப்புக்குப் போனது. மருந்து மாட்டுக்கு ஒரு பங்கு, கொட்டகைக்கு இரண்டு பங்கு. சுவர் விரிசல், தொட்டியடி, கூரைக்கம்பு, ஒரு இடுக்கு விடவில்லை. என் மகனையும் வாளி தூக்க வைத்தாள். வீடே பூண்டு நாறியது, அவள் விடுகிறவளா? கறுப்பி தொட்டியைக் காலி செய்ய ஆரம்பித்தது.

தரகர் வந்தார். காதைத் திருப்பினார், வாலைத் தூக்கினார், மடியைத் தடவினார். ஒரு உண்ணிகூடக் கையில் படவில்லை.

"மாடு மினுமினுன்னு இருக்கே! இப்பவே ஓட்டிட்டுப் போறேன்."

தேற்றிவிட்டதே வினையாகிவிட்டதா? மருமகள் மருந்து வாளியோடு அப்படியே நின்றுவிட்டாள். என் மகன் தலையைச் சொறிந்தான்.

"என்னை ஏன் கேக்குறீங்க? மாட்டைக் காப்பாத்தினவ அவ. அவகிட்டக் கேளுங்க."

இவன் நான் பெற்ற பிள்ளைதானா என்று எனக்கே ஒரு நிமிடம் சந்தேகம் வந்துவிட்டது. பெருமையில் கண் கலங்கியது, மறைப்பானேன்?

அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இது விக்கிறதுக்கில்லண்ணே. உங்க மாட்டுல உண்ணி இருந்தா சொல்லுங்க, வர்றேன். ஆனா முதல்ல உங்க கொட்டகைச் சுவரைத்தான் பாப்பேன்."