யானை மூக்கு மீனும் என் வெறுங்காலும்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு விலங்கியல் ஆய்வுகூடத்தில் தொட்டி கழுவி மீன்களுக்குத் தீனி போடுவது என் வேலை. பதினோராம் வகுப்புச் சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தியவள் நான். படித்தவர்கள் நடுவில் வாய் திறக்கக் கூச்சம்.

அங்கே யானை மூக்கு மீன் ஒன்று இருந்தது. வாலிலிருந்து மெல்லிய மின்துடிப்பு விட்டுக்கொண்டே இருக்கும். கம்பியை நீரில் விட்டு ஸ்பீக்கரில் கேட்டால் 'டக், டக்' என்னும். அதை ஆராய்ந்த மாணவி ஒருநாள் எனக்கு விளக்கினாள்.

"அக்கா, உந்த மீன்ரை மூளையிலை பெரும்பங்கு சிறுமூளைதான். துடிப்பை விடு எண்டு வாலுக்குக் கட்டளை போகேக்கை, அந்தச் செய்தி மூளைக்குள்ளையும் போகும். தன்ரை துடிப்பாலை தோலிலை என்ன தெரியும் எண்டு முந்தியே அறிஞ்சு, அதைக் கழிச்சுப்போடும். மிஞ்சிறதுதான் அதுக்குப் புதினம், புதுச் செய்தி."

"எங்கடை வீட்டு மனுசன்ரை குறட்டை அவருக்கு மட்டும் கேக்காது. அப்பிடியோ?"

"ஓம் அக்கா, கிட்டத்தட்ட," என்று சிரித்தாள்.

மீன் துடிக்கும் ஒவ்வொரு முறையும் அவள் பின்னாலேயே ஒரு பொய்த்துடிப்பைக் கொடுப்பாள். முதலில் மீன் பரபரக்கும். பழகியதும் அதையும் தன்னுடையதாக எண்ணி அடங்கவேண்டும். அதைப் பதிந்து வெள்ளிக்கிழமை பேராசிரியரிடம் காட்டாவிட்டால் அவளுடைய ஒரு வருட உழைப்பு வீண். ஆனால் நாலு நாளாக ஸ்பீக்கரில் ஒரே இரைச்சல். மீன் அடங்கவே இல்லை. மின்விசிறியை நிறுத்தினாள். குளிர்சாதனப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். ஒன்றும் சரிவரவில்லை.

கம்பிகள் பூட்டிய இரும்புத் தாங்கி தளர்ந்திருந்ததால், அது ஆடாமல் அந்த நாலு நாளும் நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். புதன்கிழமை தும்மல் வந்து கையை எடுத்தேன். இரைச்சல் நின்றது. மறுபடி பிடித்தேன். வந்தது. தொட்டி கழுவிய ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்றேன். அந்த அறையில் சரஸ்வதி படம் இருப்பதால் செருப்பை வாசலிலேயே கழற்றிவிடுவது என் வழக்கம்.

சொல்லலாமா, விடலாமா என்று தாங்கியை இன்னொரு முறை விட்டுப் பிடித்துப் பார்த்தேன். அவள் கண்கள் கலங்கியிருந்தன.

"பிள்ளை, அது நான்தான் போலை."

"என்ன நீங்கள்?"

விட்டுக் காட்டினேன், பிடித்துக் காட்டினேன். அவள் தலையில் கைவைத்தாள்.

"நாலு நாளா அந்தக் குளிர்ப்பெட்டியைத் திட்டினன் அக்கா. ஈரத் தரையிலை வெறுங்காலோடை நிண்டா உங்கடை உடம்பாலை மின்சாரம் ஏறி இரையும். செருப்பைப் போடுங்கோ."

"சரஸ்வதிக்கு முன்னாலையோ?"

"நான் புதுச்செருப்பு வாங்கித் தாறன். படிப்புக்குத்தானே, அவ கோவிக்கமாட்டா."

வியாழக்கிழமை புது ரப்பர்ச் செருப்போடு தாங்கியைப் பிடித்தேன். ஸ்பீக்கர் தெளிவாக இருந்தது. பொய்த்துடிப்பு தொடங்கியதும் மீன் படபடவெனத் துடித்தது. பிறகு மெல்ல மெல்ல அடங்கியது. அவள் பொய்த்துடிப்பை ஒரு கணம் பிந்திக் கொடுத்ததும் மீண்டும் பரபரத்தது.

"பாத்தியளே, தன்ரை இல்லை எண்டு பிடிச்சிட்டுது," என்றாள்.

அப்போது பேராசிரியர் வந்து, இரைச்சலின் காரணத்தைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டார். அவள் என்னைக் காட்டினாள்.

"நான்தான் சேர்," என்றேன். "இரைச்சலும் நான்தான்."