மலக்கி காட்டிய குழி

மலக்கி டிர்னனுக்கு ராஸ்காமன் மாவட்டத்தில் கொஞ்சம் மேய்ச்சல் நிலமும் அப்பா விட்டுப்போன ஒரு துண்டுச் சதுப்பும் உண்டு. கோடையில் சதுப்பின் எரியக்கூடிய கரிமண்ணைக் கட்டிகட்டியாக வெட்டிக் காயவைப்பார். குளிர்காலத்தில் அவர் வீட்டு அடுப்பும், பக்கத்து வீட்டுக்காரனான என் அடுப்பும் அதில்தான் எரியும்.

மே மாதம் ஓர்லா என்ற ஆராய்ச்சி மாணவி அவர் வீட்டில் தங்க வந்தாள். சதுப்பின் ஆழத்தில் படிந்த மகரந்தத்தை எண்ணி, கற்காலத்தில் அங்கே என்ன காடு இருந்தது என்று கண்டுபிடிப்பது அவள் வேலை.

"யாரும் வெட்டாத இடமாக் காட்டுங்க" என்றாள்.

மலக்கிக்குத் திக்கென்றது. வெட்டாத சதுப்பு என்று தெரிந்தால் அரசாங்கம் பாதுகாக்க வந்துவிடும். அடுத்த ஊரில் அப்படித்தான் வெட்டத் தடை வந்தது. அதனால் அவர் பாதையோரம் ஓரிடத்தைக் காட்டினார். அவர் அப்பா வெட்டி முடித்து, மேல்மண்ணைத் தள்ளி மூடிய குழி அது. புல் மூடியிருந்ததால் வெளியே தெரியாது.

நவம்பரில் ஓர்லா திரும்பி வந்தாள். நானும் அப்போது அந்தச் சமையலறையில் இருந்தேன்.

"என்னம்மா, காடு கிடைச்சுதா?" என்று கேட்டார் மலக்கி.

"கிடைச்சுது. உங்க தாத்தா காலத்துல வெளிநாட்டுலேர்ந்து கொண்டாந்து நட்ட ஸ்புரூஸ் மரத்து மகரந்தம், கற்கால எல்ம் மரத்து மகரந்தத்துக்கு அடியில!" சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள். "என் கைதான் சுத்தமில்ல. எதையோ கழுவாம விட்டிருக்கேன். கவனமில்லாதவளுக்கு இந்த வேலை எதுக்குன்னு ப்ரொஃபசர் கேட்டுட்டாரு."

மலக்கியின் மனைவி பிரீடா அடுப்பில் இன்னொரு கட்டியைப் போட்டாள். "நல்லா எரியுது, இல்ல மலக்கி?"

அவர் பிட்ட ரொட்டியை அப்படியே தட்டில் வைத்தார்.

"அது எங்கப்பா வெட்டி மூடின குழி பொண்ணே. மேல்மண்ணு அடியில கிடக்கும். தெரிஞ்சேதான் காட்டினேன்."

"ஏன்?"

அவர் அடுப்பைக் காட்டினார்.

"கோடை பூரா மைக்ரோஸ்கோப்புல கண்ண வச்சுட்டு இருந்தேன், மலக்கி."

"தெரியும். அந்த ப்ரொஃபசர் நம்பரக் குடு."

போனில் அவர் இரண்டே வாக்கியம் பேசினார். காது சிவந்திருந்தது. பிறகு ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, அடுத்த வருடம் வெட்ட விட்டுவைத்திருந்த, இதுவரை யாரும் தொடாத சதுப்புக்கு ஓர்லாவை மழையிலேயே கூட்டிப்போனார். மண்ணெடுக்கும் துளைக்குழாயை அவரே தோளில் சுமந்தார்.

"நேராப் பிடிங்க" என்றாள் ஓர்லா. அங்கே அவரிடம் அவள் பேசியது அவ்வளவுதான்.

அவர் நேராகத்தான் பிடித்தார். எங்கள் இரு வீட்டிலும் இந்தக் குளிருக்குக் கட்டி இருக்கிறது. அடுத்த குளிருக்கு வெட்ட அரசாங்கம் விடுமா என்று தெரியாது.