தட்டினால் எழும் பெட்டி

இன்று காலை என் போன் ஒரு கேள்வி கேட்டது. பல நாளாகத் தொடாத செயலிகளை உறங்க வைக்கட்டுமா என்று. படித்ததும் எனக்குப் புது லுங்கியின் கஞ்சி வாசனை அடித்தது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

இரண்டாயிரத்தை ஒட்டிய வருஷங்களில் எங்கள் ஊரில் உப்பளம் என்ற பகுதியில் ஒரு சின்னக் கம்பெனியில் நானும் யூசுப்பும் ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதிக்கொண்டிருந்தோம். எந்த நிரலுக்கு என்ன தேவையோ அதற்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொள்ளும் சிஸ்டம். முதலியார்பேட்டையில் என் அம்மா மட்டும் அக்கம்பக்கத்தில், பையன் கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்றான் என்றே சொல்லிவந்தாள். ரிப்பேராவது தெரிந்திருந்தால் பிழைத்திருப்பேன்.

யூசுப் அத்தா என்று கூப்பிடும் அவன் அப்பாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆகிக் குரல் போய்விட்டிருந்தது. முல்லா வீதியில் லுங்கிக் கடை. வாய் திறக்காமல் எப்படி வியாபாரம் பண்ணுவார்? அவருக்காக எங்கள் சிஸ்டத்தை வைத்தே கையடக்கமாக ஒரு பேசும் பெட்டி செய்தோம். பொத்தானை அழுத்தினால் யூசுப்பின் குரல் வரும். என்னா கலர் வேணும், கட்டுப்படியாவாது, சாப்டியா. ஆனால் சாயங்காலம் கூட்டம் வரும் நேரத்துக்குப் பேட்டரி தீர்ந்துவிடும். மனுஷர் சைகை காட்டிக்கொண்டு நிற்பார்.

ஒரு மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, லுங்கிக் கட்டுகள் மேல் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். அப்போதெல்லாம் ஊரே ஒரு மணிக்குக் கடையடைத்துத் தூங்கும். யூசுப் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அத்தாவப் பாரு. தட்டுனாதான் எழுந்திருப்பாரு. நம்ம சிஸ்டம் மட்டும் ஏண்டா சும்மா சும்மா முழிச்சிப் பாக்குது?"

உண்மைதான். வேலை வந்திருக்கிறதா என்று பார்க்கவே அது நொடிக்குப் பலமுறை விழித்துப் பேட்டரியைத் தின்றுகொண்டிருந்தது. மாற்றி எழுதினோம். பொத்தானை அழுத்தும்வரை பெட்டி அயர்ந்து தூங்கும், அழுத்தியதும் எழுந்து பேசும். கடை மூடும்வரை பேட்டரி தாங்கியது. அத்தா தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்தி, சாப்டியா என்று கேட்க ஆரம்பித்தார்.

மறு வருஷம் பிள்ளைச்சாவடி பக்கம் லாரி மோதி யூசுப் போய்விட்டான். எனக்கு அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை, உள்ளே என்னவோ மரத்துப்போய்க் கிடக்கிறது. கொஞ்ச நாள் கழித்துக் கடைக்குப் போனேன். அத்தா என்னைப் பார்த்தார். பெட்டியை எடுத்துப் பொத்தானை அழுத்தினார்.

"சாப்டியா?"

யூசுப்பின் குரல்.

"சாப்ட்டேன்டா" என்றேன். அத்தா தலையாட்டினார்.

இப்போது அவரும் இல்லை. கடை இருந்த இடத்தில் காபி ஷாப், மதியமும் திறந்திருக்கிறது. பெட்டி எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. கிடைத்தாலும் இத்தனை வருஷத்தில் உள்ளே துருப்பிடித்திருக்கும், அதை இனி யார் தட்டியும் எழுப்ப முடியாது. போன் இன்னும் பதிலுக்குக் காத்திருந்தது. உறங்கட்டும் என்று அழுத்தினேன்.