பச்சை ஃபால் தைத்த புடவை

சுனாமி வந்த சமயம், டெல்லி கிட்வாய் நகரில் இருந்த தமிழர்கள் எங்கள் வீட்டில் கூடினோம். பணம் அனுப்புவதா, பொருளா என்று ஒரே வாக்குவாதம். எதிர் பிளாக் மாமி அடித்துச் சொன்னாள்: "பணம் யார் கைக்குப் போறதோ! துணியாக் குடுங்கோ, நானே பண்டில் கட்டறேன்."

இங்கே அடிக்கிற குளிரில் ஆளாளுக்கு ஸ்வெட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நாகப்பட்டினத்தில் ஸ்வெட்டர் எதற்கு? நான் மட்டும் நல்ல சுங்குடிப் புடவைகளாகக் கொடுத்தேன். அதில் மாம்பழ நிறப் புடவைக்கு, சரோஜினி நகர் மார்க்கெட்டில் கீழ்க்கரையின் உள்பக்கம் வைத்துத் தைக்கப் பொருத்தமான ஃபால் கிடைக்காமல் பச்சையில் தைத்திருந்தேன்.

அடுத்து வந்த ராமநவமி பஜனைக்கு மாமி கொசுவத்தைத் தூக்கிக்கொண்டு படியேறினாள். மாம்பழ நிறச் சுங்குடி; உள்ளே பச்சை ஃபால்!

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாட்டு முடியும்வரை காத்திருந்து, உரக்கக் கேட்டேன்: "மாமி, இந்தப் புடவை நாகப்பட்டினத்துலேர்ந்து எப்போ திரும்பி வந்தது?"

"அது... பண்டில்ல இடம் இல்லே..."

"அச்சா! ஸ்வெட்டருக்கெல்லாம் இடம் இருந்துதே!"

இப்போது எது கொடுத்தாலும் நானே ரயில்வே பார்சலில் போட்டுவிடுகிறேன். மாமியோடு பேச்சை நிறுத்தவில்லை. நாலு பேர் கூடியிருக்கும் இடமாகப் பார்த்து, புடவை சௌக்கியமா என்று விசாரிக்கிறேன்.