கம்பிக்கு வெளியே போன கிணறு

வேலி அடித்து முடித்த அன்று ஆபீசில் என்னைப் பாராட்டினார்கள். இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

பகாவ் பக்கம், ஊர்க் காரியங்களைப் பார்க்கும் ஒரு போர்டு ஆபீசில் நான் புதிதாகச் சேர்ந்திருந்த டிராஃப்ட்ஸ்மன். பிளான் வரைவதும் எஸ்டிமேட் போடுவதும் என் வேலை. அவசரகாலம் உச்சத்தில் இருந்த நேரம் அது. காட்டுக்குள் இருந்து அரசாங்கத்தோடு சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்கு அரிசியோ மருந்தோ போகக் கூடாது என்று, சின்னச் சின்ன ரப்பர்த் தோட்டங்களின் ஆட்களை அவர்கள் வரிசை வீடுகளான லயத்தைவிட்டுக் கிளப்பி ஒரே இடத்தில் குடிவைத்து, சுற்றி முள்கம்பி போடச் சொன்னது வெள்ளைக்கார அரசாங்கம். எங்கள் வட்டாரத்தில் அது போர்டின் தலையில் விழுந்தது. இருந்த பணம் முழு வேலிக்கே காணாது. பள்ளிக்கூடக் கூரை, உடைந்த பாலம், மருந்து வண்டி எல்லாம் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப் போயின.

1. பென்சில் கோடு

என் எஸ்டிமேட்டை செக்ரட்டரி துரை திருப்பி அனுப்பிவிட்டார். கம்பி அதிகமாம். ஆபீசின் தலைமைக் கிளார்க்கான பெரிய கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். பிளானை என் மேசையில் விரித்தார்.

"தம்பி, எங்கையாவது குறைச்சுப் போடும். இல்லாட்டி ஒண்டும் நடவாது."

தெற்கு மூலையில் வேலி வளைந்து போனது. அதை நேராக வெட்டினால் ஏழு செயின் நீளத்துக்குக் கம்பி மிச்சமாகும். அந்த மூலையில் ஒரு சின்ன வட்டம் இருந்தது. அது கிணறு. நான் அதைக் கவனிக்காமல் இல்லை. வெளியே போய்த் தண்ணீர் எடுத்துக்கொள்வார்கள் என்று நினைத்துக் கோட்டை இழுத்தேன். துரை கையெழுத்துப் போட்டு, என் தோளில் தட்டினார்.

2. லைட்டுக்கு இடம் அளக்கப் போனேன்

வேலி முடிந்து ஆறு வாரம் கழித்து, சுற்றிலும் லைட் போட இடம் அளந்துவர என்னை அனுப்பினார்கள். அந்த இடத்தில் நான் கால் வைத்தது அன்றுதான் முதல் தடவை. கேட்டுக்குள் நுழைந்ததுமே நாற்றம் தாங்காமல் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். வாசலுக்கு வாசல் ஆட்கள் சுருண்டு கிடந்தார்கள். ஒருவரைச் சாக்கில் வைத்து லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் பெயர் மாரி. லாரிப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்ற அவர் மனைவி அஞ்சலை, ரப்பர்ப் பாலுக்குப் பால்மரம் வெட்டுகிறவர்.

"என்னம்மா ஆச்சு?" என்றேன்.

"வயித்தால போவுது சார், மூணு நாளா. தண்ணி கெட்டுப் போச்சு."

"கிணறு இருக்கே?"

"கிணறு கம்பிக்கு அந்தாண்டல்ல இருக்கு. சோஜர் காவலுக்கு வந்தாத்தான் போவலாம். வாரத்துல ரெண்டு நாளு வந்தாப் பெரிசு. தெரியாமப் போனா சுட்டுருவாங்களாம்லா. அதான் சாக்கடையோரமாக் குழி தோண்டி மொண்டு குடிக்கிறோம்." அழுகையை விழுங்கிக்கொண்டு என்னையே கேட்டார்: "எந்தப் பாவி சார் இப்படிக் கோடு போட்டான்?"

அளவு டேப் கையிலேயே இருந்தது.

"நான்தாம்மா."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "நீங்களா?" என்றார். "படிச்சவருதானே சார் நீங்க?"

லாரி புறப்பட்டது. மாரி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை.

3. எதுக்கு வோட், எதுக்கு இல்லை

மாரி நான்காவது ஆள். முதல் மூன்று பேர் செத்ததைச் சொல்லி அங்கே ஆட்களுக்கு மேலாளாக இருந்த மண்டோர் எழுதிய கடிதம் ஆபீசுக்கு வந்து பத்து நாள் ஆகியிருந்தது. லைட் ஃபைலுக்கு அடியில், பிரிக்காமல் கிடந்தது. பெரிய கிராணியின் முன்னால் அதைப் பிரித்துப் போட்டேன்.

"கிணத்த உள்ள எடுக்கணும் சார்."

"கம்பிக்கு எண்டு ஒதுக்கின காசு, அந்த வோட் முடிஞ்சுது தம்பி. வேறை காசிலை கை வைக்கேலாது."

"நாலு பேர் செத்திருக்காங்க சார்!"

ஆபீஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஒரு துரை ஆபீசில் நான் அப்படிக் கத்தியது எனக்கே நம்பமுடியவில்லை. கிராணி கடிதத்தைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் இதைப் பிரிச்சே பாக்கேல்லை" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "லைட்டுக்கு வோட் கிடக்கு. கிணத்தடியிலை ஒரு லைட் வேணும் எண்டு எழுதும். லைட் கம்பிக்கு வெளியிலை நிக்கேலாது. கம்பி அதைச் சுத்தித்தான் போகவேணும், அந்தச் செலவும் லைட் வோட்டிலை சேரும்."

அப்படியே எழுதினேன். துரை இரண்டு தடவை படித்தார். உனக்கு வேண்டியது லைட்டா, கிணறா என்று இங்கிலீஷில் கேட்டார். கிணறு என்றேன். ஏன் என்று கேட்டதும் நாலு பேரின் பெயரையும் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. கம்பிச் செலவுக்கு ஈடாக, கேட்டுப் பாதைக்கு எழுதியிருந்த இரண்டு லைட்டைப் பேனாவால் அடித்துவிட்டு, கையெழுத்துப் போட்டார்.

கம்பியைப் பிரித்து, கிணற்றைச் சுற்றி மறுபடி அடிக்க மூன்று பகல்தான் ஆயிற்று. மூன்று நாளும் வெயிலில் அங்கேயே நின்றேன். வேலை முடிந்த அன்று அஞ்சலை வந்து இரண்டு தகர டின் தண்ணீர் இறைத்தார். என்னைத் தாண்டித்தான் போனார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் இதே மாதிரி ஆபீஸ்களில்தான் வேலை பார்த்தேன். பணம் போதும் என்று சொன்ன வருஷம் ஒன்றுகூட இல்லை. எதையாவது வெட்டாமல் போர்டு நடத்த முடியாது. வெட்டப் போகிற இடத்துக்கு முதலில் போய் நின்று, அங்கே இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் என்று மட்டும் எனக்குக் கீழே வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னேன். கோடு இழுத்த அன்று நான் போயிருக்கலாம். ஆபீஸ் வாசலிலேயே பஸ் நிற்கும். அரை மணி நேரப் பயணம்.